குள்ளச் சக்கரம்

அத்தியாயம் 5

"நான்தான் இடிச்சேன் மேடம். போதுமா? வூட்டுக்குப் போங்க."

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடி துரைராஜ் இதைச் சொன்னது ஆறாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை, அதே வரிசை. பார்வை மட்டும் எதிரில் நின்றவர்கள் மேல் படாமல், தரையில் விரிசல் விட்ட ஒரு டைல்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

ரூக்சார் நோட்டை மூடினாள். பத்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கோளாறான க்ளெய்ம்களைத் தோண்டிவிட்டு, பிறகு தாம்பரம் மார்க்கெட்டில் பாய்க்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். பொய் சொல்லி மாட்டிக்கொள்ளப் பார்க்கிறவனை இப்போதுதான் பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குக் கீழ்க்கட்டளையில் ரோட்டோரம் கீரை விற்றுக்கொண்டிருந்த கங்கம்மாவை, தண்ணீர் கேன் ஏற்றிய வெள்ளை பிக்கப் வண்டி ஒன்று தட்டித் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. கிழவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வண்டியின் பக்கவாட்டில் நீல எழுத்தில் 'பொன்னருவி வாட்டர்' என்று இருந்ததை மட்டும் எதிர்க்கடைக்காரர் படித்தார். திங்கட்கிழமை காலையில் பொன்னருவியின் டிரைவர் துரைராஜ், வண்டியோடு தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்துகொண்டான்.

அன்று மதியமே அவன் மனைவி ரோஹிணி ரூக்சாரின் ஆபீஸ் படி ஏறினாள். "அந்த நேரத்துல அவரு கறிக்கொழம்பு சாப்ட்டுட்டு வூட்ல குறட்டை வுட்டுகினு இருந்தாருக்கா. ரெண்டு தடவ எழுப்பிப் பாத்தேன். எப்டிக்கா போயி இடிச்சிருப்பாரு, கனவுலயா?"

இன்று புதன். நாலு மணிக்குத் துரைராஜை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். அங்கேயும் இதையே ஒப்பித்தான் என்றால் தண்டனை ஒரு பக்கம், லைசென்ஸும் போய்விடும். பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் தவிர வேறெதையும் பிடிக்காத கை அது.

சப்-இன்ஸ்பெக்டர் சவுரிமுத்து டீ கிளாஸை மேஜையில் வைத்தார். "மேடம், குத்தவாளி கிடைக்காம நான் நாயா அலையற கேஸு பதினாலு இருக்கு. இது ஒண்ணுதான் தானா நடந்து வந்து உக்காந்திருக்கு. இதையும் கெடுத்துடாதீங்க."

"அவர் மனைவி சொல்றாங்களே சார்."

"பொண்டாட்டி சொல்ற சாட்சியெல்லாம் கோர்ட்ல யாரு கேப்பா?"

"வீட்லயும் யாரும் கேக்கறதில்ல சார்," என்றான் எட்மண்ட். அவன் ரூக்சாரின் உதவியாள். அதற்கு முன் பதினைந்து வருஷம் மருந்து கம்பெனி ரெப். 'வேண்டாம், வெளியே போ' என்று சொன்ன டாக்டரிடமே ஒரு பெட்டி இருமல் மருந்து தலையில் கட்டிவிட்டு வந்தவன். ஆனால் காலையிலிருந்து அவன் வாய்க்கும் துரைராஜ் மசியவில்லை.

வாசலில் ஒரு கார் நின்றது. பொன்னருவி வாட்டரின் முதலாளி சத்யநாராயணன் இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனக் கீற்று, கையில் சாப்பாட்டுப் பார்சல். பின்னால் கறுப்புக் கோட்டில் ஒரு வக்கீல்.

"துரை, சாப்ட்டியா? இந்தா, சாம்பார் சாதம். வக்கீல் சாருக்கு நான் எல்லாம் சொல்லியிருக்கேன். பயப்படாத." ரூக்சாரைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பு பண்ணிட்டான். அதுக்காக விட்டுட முடியுமாம்மா? நம்ம பையன்."

துரைராஜ் பார்சலை வாங்கினான். பிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் எட்மண்ட் சொன்னான். "மேடம், இந்த மாதிரி முதலாளி எனக்குக் கிடைச்சிருந்தா நானும் ரெண்டு பேர இடிச்சிருப்பேன்."

"துரைராஜ் யாரையோ காப்பாத்தறார், எட்மண்ட். அந்தக் கம்பெனியில இன்னும் ஆறு டிரைவர் இருக்காங்க. கூட வேலை செய்யற ஒருத்தனுக்காகத்தான் இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்கணும்."

"ஆறு பேர். நாலு மணி நேரம். ஒருத்தருக்கு நாப்பது நிமிஷம். சாப்பாட்ட கேன்சல் பண்ணா நடக்கும்."

*

கங்கம்மா அரசு ஆஸ்பத்திரி கட்டிலில் இடுப்பில் கட்டோடு படுத்திருந்தாள். வலியைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது.

"இன்னாமா, நீயும் நம்பரு கேக்க வந்தியா? எனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எத்தினி பேருக்குச் சொல்றது? பேஜாரா கீது."

"நம்பர் வேணாம்மா," என்றாள் ரூக்சார். "கண்ணுல என்ன பட்டுச்சோ அதச் சொல்லுங்க."

"வண்டி நேராத்தான் வந்துகினு இருந்துச்சு. திடீர்னு என் பக்கமா சாஞ்சுகினு வந்துட்ச்சு. கீரையெல்லாம் போச்சு. நான் மல்லாக்க வுழுந்தேன். சக்கரம் என் மூஞ்சிக்கு நேரா போவுது, இதோ, இவ்ளோ கிட்ட. ரெண்டு சக்கரத்தையும் பாத்தேன். முன்னாடி சக்கரம் பெருசா இருந்துச்சு. பின்னாடி சக்கரம் குள்ளம்."

ரூக்சாரின் பேனா நின்றது. "குள்ளம்னா?"

"குள்ளம்னா குள்ளம்தான். நாலு வெரக்கட சின்னது. வண்டியே நொண்டிகினு போச்சு, கால்ல முள்ளு குத்தின மாடு மாதிரி."

"எந்தப் பக்கம்?"

"பீச்சாங்கைப் பக்கம். நான் அங்கதான உக்காந்திருந்தேன். அந்தப் பக்கத்துச் சக்கரம் எப்டி இருந்துச்சுன்னு கேக்காத. அதுக்கு நான் வண்டிக்கு அடியில இல்ல பூந்திருக்கணும்?"

"இத போலீஸ்ல சொன்னீங்களா பாட்டி?" என்றான் எட்மண்ட்.

"யாரு பாட்டி? கங்கம்மான்னு கூப்புடு. சொன்னேன். சக்கரத்த வெச்சு இன்னா பண்றது, நம்பரு சொல்லுன்னாரு." கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரூக்சாரைப் பார்த்தாள். "யாரோ ஒருத்தன புடிச்சு வெச்சிருக்காங்களாமே. எனுக்கு யாரோ ஒருத்தன் வேணாம்மா. இட்ச்சவன் வேணும்."

படியிறங்கும்போது எட்மண்ட் துள்ளினான். "பின்னாடி லெஃப்ட்ல ஸ்டெப்னி! மேடம், ஸ்டேஷன்ல நிக்கற வண்டியில நாலு சக்கரமும் ஒரே சைஸ். நான் பாத்தேன். அப்ப இடிச்சது வேற வண்டி. எந்த வண்டியோட ஸ்டெப்னி சைஸ் மாறியிருக்கோ, அதோட டிரைவர்தான் ஆளு. கேஸ் முடிஞ்சுது. பிரியாணி சாப்பிடலாமா?"

"மொதல்ல ஸ்டெப்னியப் பாக்கலாம்."

*

பொன்னருவி வாட்டரின் ஷெட் மேடவாக்கம் போகிற ரோட்டில் இருந்தது. மதிய ட்ரிப்புக்குக் கேன் ஏற்றியபடி ஆறு பிக்கப்புகள் வரிசையாக நின்றன. எட்மண்ட் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் முதல் வண்டிக்கு அடியில் தலையை விட்டான். பின்பக்கம், அடித்தளத்தில் ஸ்டெப்னி தொங்கியது.

"சின்னது!" என்று கத்தினான். "மேடம், நாலு விரக்கட சின்னது!"

இரண்டாவது வண்டி. "இதுவும்... சின்னது."

மூன்றாவது வண்டிக்கு அடியிலிருந்து கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை.

"எட்மண்ட்?"

"சொல்ல மனசு வரல மேடம்."

ஆறு வண்டியிலும் அதே கதை. ஓடுகிற நாலு சக்கரமும் பதினைந்து இன்ச். தொங்குகிற ஸ்டெப்னி மட்டும் பதினாலு. எட்மண்ட் வெளியே வந்தபோது, சட்டையில் ஆறு வண்டியின் கிரீஸும் ஆறு விதமாக அப்பியிருந்தது.

சத்யநாராயணனின் கார் அப்போதுதான் ஸ்டேஷனிலிருந்து திரும்பியது. கேட்டதும் அவர் பெருமையாகச் சிரித்தார்.

"அதுவாம்மா? வண்டி வாங்கும்போது வந்தது பதினாலு இன்ச். கேன் லோடு தாங்கல. அதனால நாலு வீலையும் பெருசா மாத்தினேன். கடைக்காரன் அஞ்சாவதையும் தலையில கட்டப் பாத்தான். எதுக்குய்யா? ஸ்டெப்னி ஓடற டயரா, தொங்கற டயரா? தொங்கறதுக்கு எந்த சைஸா இருந்தா என்ன? ஏழு வண்டி. ஏழு டயர் மிச்சம்."

ரூக்சாரின் அப்பா ஜவுளிக்கடைக்காரர். மிச்சம் பிடித்ததைச் சொல்லும்போது ஒரு மனிதனின் முகத்தில் வரும் வெளிச்சம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இந்த முகத்தில் அது டியூப்லைட் போல எரிந்தது.

"ஞாயித்துக்கிழமை வண்டியெல்லாம் யார்கிட்ட இருந்துச்சு சார்?"

"ஞாயிறு லீவும்மா. வண்டியெல்லாம் இங்கதான் நிக்கும். சாவி ஆபீஸ் ஆணியில தொங்கும். யாரு வேணா எடுக்கலாம், எல்லாம் நம்ம பசங்கதான். பாவம், துரை எதுக்கோ எடுத்திருக்கான்."

"நீங்க ஓட்டறதுண்டா?"

"நானா? மூணு சக்கர சைக்கிள்ல கேன் போட்டு ஆரம்பிச்சவம்மா நான். இப்ப கார் இருக்கு, காருக்கு டிரைவர் இருக்கான். வண்டி ஓட்டி பத்து வருஷமாச்சு. கிளட்ச் எந்தப் பக்கம்னே மறந்துபோச்சு."

அதற்குள் எட்மண்ட் ஆறு டிரைவர்களிடமும் தன் பழைய ரெப் சிரிப்போடு ஒரு சுற்று சுற்றி வந்திருந்தான். "ஒருத்தன் மாமியார் வீடு. ஒருத்தன் கோயில். ஒருத்தன் கிரிக்கெட். மூணு பேர் தூக்கம். தூங்கறதுக்கு சாட்சி பொண்டாட்டி. பொண்டாட்டி சாட்சி செல்லாதுன்னு சவுரிமுத்து சார் ஏற்கெனவே தீர்ப்பு சொல்லிட்டாரு."

"ஷெட்ல கேமரா?"

"இருக்கு மேடம். வெயிலுக்கு அதுமேல ஈரத் துண்டு காயப்போட்டிருக்காங்க. மூணு மாசமா."

ஆறு பேரில் ஒருவர் பெயரையும் பட்டியலிலிருந்து அடிக்க முடியவில்லை. அந்தத் தெருவுக்கே ஒரே ஒரு குள்ளச் சக்கரம் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். இங்கே அது மொத்த வியாபாரமாக இருந்தது. ரூக்சாருக்கு அந்த ஆறு ஸ்டெப்னியையும் ஒவ்வொன்றாக எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. மணி இரண்டு.

*

இரண்டு பத்துக்கு எட்மண்டின் பழைய ஸ்கூட்டர் பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. பஞ்சர்.

"கவலையே வேணாம் மேடம். ஸ்டெப்னி இருக்கு." பின்னால் மாட்டியிருந்த ஸ்டெப்னியை ஒரு தட்டு தட்டினான். அது அப்பளம் போல அமுங்கியது.

ரூக்சார் வெயிலில் ரோட்டோரம் நின்று கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

"ஏதாவது திட்டிடுங்க மேடம். இப்படி அமைதியா இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

"தள்ளுங்க."

கீழ்க்கட்டளை திருப்பத்தில் முதாசிரின் பஞ்சர் கடை வரைக்கும் தள்ளினார்கள். ஒல்லியான மனிதர். முழங்கை வரை கறுப்பு. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்க்க ஆரம்பித்தார். எட்மண்டுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாய், உலகத்துல ஸ்டெப்னின்னு ஒண்ணு கண்டுபிடிச்சவன மொதல்ல தூக்குல போடணும். எனக்கு காத்து இல்லாத ஸ்டெப்னி. அங்க ஒரு டிரைவர், பதினஞ்சு இன்ச் வண்டியில பின்னாடி பதினாலு இன்ச் ஸ்டெப்னிய மாட்டிக்கினு ஊர்வலம் போயிருக்கான். லோடோட."

முதாசிர் ட்யூபை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "பின்னாடியா? எந்த டிரைவரு?"

"அதத்தான் காலையிலேர்ந்து தேடறோம்."

"கெடைக்க மாட்டான்ணா. எந்த டிரைவரும் சின்னத பின்னாடி போட மாட்டான்."

ரூக்சார் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "ஏன்?"

"அந்த வண்டிய ஓட்டறதே பின் சக்கரந்தான்மா. இஞ்சின் அதத்தான் சுத்துது. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு போட்டா ரெண்டும் ஒரே மாதிரி சுத்தாது. நடுவுல கிரவுன்னு பல்லுச் சக்கரம் இருக்கு பாருங்க, அது கெடந்து அரையும். லோடு இருந்துச்சுன்னா வண்டி ஒரு பக்கமா சாயும். கிரவுன் போச்சுன்னா வண்டி மாசக்கணக்குல படுத்துக்கும். மொதலாளி யார ஏசுவாரு? டிரைவரத்தான."

"சரி, பின் சக்கரம்தான் பஞ்சர் ஆச்சுன்னா?"

"முன்னாடி இருக்கற நல்ல வீல கழட்டி பின்னாடி போடுவாங்க. சின்ன ஸ்டெப்னிய முன்னாடி மாட்டி, மெதுவா உருட்டிக்கினு வருவாங்க. ஒரு பஞ்சருக்கு ரெண்டு தடவ ஜாக்கி. ஊரையே திட்டிக்கினுதான் செய்வானுங்க, ஆனா செய்வானுங்க. பொன்னருவி வண்டி மாசத்துக்கு ரெண்டு மூணு இங்க வருது. எல்லாம் சின்ன ஸ்டெப்னி. இதுவரைக்கும் ஒண்ணுகூட பின்னாடி குள்ளமா வந்து நான் பாத்ததில்ல."

"போன ஞாயித்துக்கிழமை?"

"ஞாயிறு கடை லீவு."

"அதானே," என்றான் எட்மண்ட். "இந்த ஊர்ல தப்பு பண்றவன் மட்டும்தான் ஞாயித்துக்கிழமை வேலை செய்யறான்."

ரூக்சார் நோட்டில் ஆறு டிரைவர்களின் பெயர் இருந்த தாளைக் கிழித்துக் கசக்கினாள்.

"மேடம், அது ரெண்டு மணி நேர உழைப்பு. என் சட்டை வேற."

"இந்த ஆறு பேர்ல யாரும் இல்ல. துரைராஜும் இல்ல. அன்னிக்கு வண்டியில இருந்தது டிரைவரே இல்லாத ஒருத்தர். வண்டி ஓட்டத் தெரியும், ஆனா அந்தத் தொழில் தெரியாது."

"முதலாளியோட பையன்!" எட்மண்ட் சொடக்குப் போட்டான். அடுத்த நொடியே முகம் தொங்கியது. "இல்ல. ஷெட்ல கேட்டேன். அவன் டொரண்டோவுல இருக்கான், ரெண்டு வருஷமா. அங்கேர்ந்து வந்து கீழ்க்கட்டளையில இடிச்சுட்டுப் போயிருக்க மாட்டான். அப்ப யாரு மேடம்? டிரைவர் இல்லாதவங்கன்னா மெட்ராஸ்ல முக்காவாசிப் பேர்."

"யாருன்னு அப்புறம். துரைராஜ் இல்லன்னு மொதல்ல காட்டணும். அவரு வாய் நமக்கு உதவாது." ரூக்சார் மணி பார்த்தாள். இரண்டு ஐம்பது. "கைய கேட்டுப் பாக்கலாம்."

*

மூன்று இருபதுக்கு ஸ்டேஷன். துரைராஜை அழைத்துப் போக ஜீப் தயாராக நின்றது. சத்யநாராயணனும் வக்கீலும் வந்துவிட்டார்கள். ரோஹிணி சுவரோரம் நின்று புருஷனையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவன் பழைய டைல்ஸுக்கே திரும்பியிருந்தான்.

ரூக்சார் நேராக சவுரிமுத்துவிடம் போனாள். "சார், கங்கம்மா பின் சக்கரம் குள்ளம்னு சொன்னது உங்க பேப்பர்ல இல்ல. நாளைக்கு வேற ஒரு வக்கீல் இத எடுத்தா கேஸ் நிக்காது. பொன்னருவியோட ஏழு வண்டியையும் ஆஸ்பத்திரி வாசல்ல வரிசையா நிறுத்தணும். கங்கம்மாவ கட்டிலோட வெளிய கொண்டு வந்து காட்டணும். அதுக்கு டாக்டர் சர்ட்டிஃபிகேட், ட்ராஃபிக் போலீஸ் பர்மிஷன்..."

"மேடம்!" சவுரிமுத்து தொப்பியைக் கழற்றினார். "ஏழு வண்டியா? கட்டிலோடயா?"

"இல்லன்னா இன்னொண்ணு பண்ணலாம்." அவள் குரல் இறங்கியது. அப்பா கடையில், இரண்டாயிரம் சொல்லிவிட்டு ஆயிரத்துக்கு வருகிற அதே இறக்கம். "ஞாயித்துக்கிழமை டயர் எப்படி மாத்தினார்னு துரைராஜ் அவரோட வண்டியில மாத்திக் காட்டட்டும். பத்து நிமிஷம். நீங்க ஒரு வரி எழுதிக்கலாம்."

"அவ்ளோதான? மொதல்லயே சொல்லக்கூடாதா? டேய் துரைராஜ், வா வெளிய."

எட்மண்ட் ரூக்சாரின் காதில் கிசுகிசுத்தான். "கட்டிலோட அவர் ஒத்துக்கிட்டிருந்தா என்ன மேடம் பண்ணியிருப்பீங்க?"

"கட்டிலத் தள்ள நீங்க இருக்கீங்களே." பிறகு திரும்பினாள். "சத்யநாராயணன் சார், நீங்களும் வாங்க. உங்க வண்டி."

காம்பவுண்டு ஓரம் வெள்ளை பிக்கப் நின்றது. இடது பக்க பம்பரில் சின்ன நெளிசல்.

"பின்னாடி லெஃப்ட் வீல் பஞ்சர். சரிதான துரைராஜ்?" என்றாள் ரூக்சார்.

"ஆமா மேடம். பின்னாடி லெஃப்ட்டு." கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்ல அவன் பழகியிருந்தான்.

"மாத்திக் காட்டுங்க."

அவன் வண்டிக்கு அடியில் நுழைந்தான். ஸ்டெப்னியை இறக்கி, உருட்டி வந்து பக்கத்தில் சாய்த்தான். மூன்று நாளாகச் செத்துக்கிடந்த அந்தக் கைகளுக்கு ஸ்பேனர் பட்டதும் உயிர் வந்தது. பின் சக்கரத்துக்குக் கல் வைத்தான். ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

முன்னால்.

இடது முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தான்.

"யோவ்," என்றார் சவுரிமுத்து. "பஞ்சர் பின்னாடிய்யா."

"தெரியும் சார். முன் வீல எடுத்துப் பின்னாடி போட்டுட்டு ஸ்டெப்னிய..." வாய் நின்றது. கையும் நின்றது.

"சொல்லுங்க," என்றாள் ரூக்சார். "ஸ்டெப்னிய?"

"முன்னாடி போடுவேன்."

"ஆனா கங்கம்மா குள்ளச் சக்கரத்த பின்னாடி பாத்திருக்காங்க."

"அன்னிக்கு... அவசரம் மேடம். பின்னாடியே மாட்டிட்டேன்."

"லோடு இருந்துச்சா?"

"அறுவது கேனு."

"அறுபது கேன் லோடுல சின்ன டயர பின்னாடி போட்டு ஓட்டினீங்க. பதினெட்டு வருஷ சர்வீஸ்ல. என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

துரைராஜ் முகத்தை நிமிர்த்தினான். உதடு இரண்டு தடவை அசைந்தது. ஒரு கிழவியை இடித்தேன் என்று ஆறு தடவை சொன்னவனால், இதை ஒரு தடவை சொல்ல முடியவில்லை.

"கிரவுன் போயிடும் மேடம்," என்றான் கடைசியில், மெதுவாக. "ஓட்ட மாட்டாங்க. எந்த டிரைவரும்..."

"என்னய்யா ஓட்ட மாட்டாங்க, ஓட்ட மாட்டாங்கன்னு?" சத்யநாராயணன் வாட்சைப் பார்த்தார். மணி மூன்று முப்பத்தெட்டு. பொறுமை போய்விட்டது. "நாலு மணிக்கு கோர்ட்ல நிக்கணும். ஒரு பஞ்சருக்கு ரெண்டு தடவ கழட்டி, ரெண்டு தடவ மாட்டி, டிரைவருங்க நேரத்தக் கடத்தறதுக்குக் கண்டுபிடிச்ச வேலம்மா இது. பின்னாடியே மாட்டினா நல்லாத்தான் ஓடுது. என்ன, கொஞ்சம் ஒரு பக்கமா இழுக்கும். ஸ்டியரிங்க கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா..."

வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார். கொஞ்சம் தாமதமாக.

ரூக்சார் குரலை உயர்த்தவில்லை. வாங்குகிறவர் முடிவுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு, அடுத்த புடவையை விரிக்காமல் சும்மா நிற்கிற கடைக்காரரின் குரல் அது.

"எந்தப் பக்கம் சார் இழுத்துச்சு?"

"லெஃப்ட்..."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. இடது பக்கம். கங்கம்மா கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த பக்கம்.

"கிளட்ச் எந்தப் பக்கம்னுதான் மறந்துபோச்சு," என்றான் எட்மண்ட். "இழுத்த பக்கம் ஞாபகம் இருக்கு."

"நான்... பொதுவா சொன்னேன். யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன்."

"யாரு சார்? பின்னாடி மாட்டி ஓட்டின டிரைவர் ஒருத்தர் பேர சொல்லுங்க," என்றாள் ரூக்சார். "ஏழு பேர்ல யாரு?"

சத்யநாராயணன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜீப்பைப் பார்த்தார். சவுரிமுத்து எழுதிக்கொண்டிருந்த தாளை நிதானமாக மடித்துப் பையில் வைத்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"சார், உள்ள வாங்க. அதே பெஞ்சுதான். கொஞ்சம் உக்காருங்க."

துரைராஜ் ஸ்பேனரைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆறு தடவை சொன்னதையெல்லாம் கழற்றிப்போட அவனுக்கு அரை நிமிஷம் போதுமானதாக இருந்தது. "கல்யாண மண்டபம் ஒண்ணுல தண்ணி தீந்துபோச்சாம் மேடம். லீவு நாளு, டிரைவருங்க ஒருத்தரும் போன் எடுக்கல. மொதலாளியே வண்டிய எடுத்துட்டாரு. வழியில பஞ்சரு. அப்பால அவரே எங்கியோ ஒட்டி பழைய வீல மாட்டிட்டாராம். ராத்திரி வூட்டுக்கு வந்து கைய புடிச்சுகினு அழுதாரு. உனுக்கு ஒண்ணும் ஆவாது, இந்த வண்டிய உன் பேருக்கே எழுதித் தரேன்னாரு. சொந்த வண்டி மேடம். நானு..."

ரோஹிணி சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். மூன்று நாள் கோபமும் வாயில் தயாராக இருந்தது.

"யோவ். லைசென்ஸ் போனவனுக்கு வண்டி எதுக்குயா? வாசல்ல நிறுத்தி துணி காயப்போடவா?"

துரைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன் சக்கரத்தின் பக்கம் திரும்பினான். தான் தளர்த்திய நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கத் தொடங்கினான்.

"அதான் முடிஞ்சுதே, வாயா வூட்டுக்கு."

"இரு," என்றான் அவன், ஸ்பேனரை மிதித்தபடி. "இப்டியே வுட்டா, அடுத்து எடுக்கறவன் நடுரோட்ல நிப்பான்."